வீடு குடித்த பால்

யாராவது வீடு பார்க்கப் போனால் என் அக்கா துளசியைக் கூடவே அழைத்துக்கொண்டு போவது இப்போது கோலா சிலாங்கூரில் எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. அவள் இஞ்சினியர் இல்லை, வீட்டுத் தரகரும் இல்லை. தொழிற்சாலைக் கேன்டீனில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் மீன் குழம்பும் சமைக்கிறவள். ஆனாலும் கூப்பிட்டால் போவாள். போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்க மாட்டாள். தட்டில் எதை நீட்டினாலும், "அப்புறம்மா, மொதல்ல பின்பக்கம் பாத்துட்டு வந்துடுறேன்" என்று நேரே சமையல்கட்டுக்கு, எங்கள் பேச்சில் குசினிக்குள், நுழைந்துவிடுவாள். அங்கே குந்தி உட்கார்ந்து, தரையும் சுவரும் சேருகிற இடத்தை விரலால் தடவுவாள். அது முடிந்ததும் பக்கத்து வீட்டு வேலியோரம் போய், "உங்க வீட்டுல பின்னாடி எப்படிங்க, இறங்குதா?" என்று கேட்பாள். சிலருக்கு அவள்மேல் கோபம். சாப்பிடக் கொடுத்தால் முகத்தைத் திருப்புகிறாளே, அவ்வளவு திமிரா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நான் சும்மா விடுவேனா? நன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

அவள் இப்படி ஆன கதை எனக்குத் தெரியும். கூடவே இருந்து பார்த்தவள் நான்.

எங்கள் அப்பா சபாக் பக்கம் ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டினார். நாங்கள் பிறந்து வளர்ந்தது தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில். அக்கா தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த நேரத்தில் தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். அக்காவுக்குப் போவதற்குத் தாய் வீடே இல்லை. புருசன் வாடகைக்கு எடுத்திருந்த ஓர் அறையில்தான் பிள்ளையோடு வந்து படுத்தாள். பிரசவ மருந்து இடித்தால் நெடி அடிக்கிறது என்று வீட்டுக்காரி கதவைத் தட்டிச் சத்தம் போட்டாள். அம்மா உரலை மடியில் வைத்துக்கொண்டு அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தப் பிள்ளைதான் தனேஸ்வரி. எங்களுக்குத் தனா.

அதன்பிறகு ஒரு வாடகை வீடு விட்டு இன்னொரு வாடகை வீடு. அத்தான் சசிகுமார் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். நல்ல மனுசன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். "வீடு என்னா லா வீடு, படுக்கத்தானே" என்பார். அக்காவும் அதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள். தனா கல்யாணம் முடிந்து புக்கிட் செந்தோசாவுக்குப் போன அன்றுதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு என் மக தலைப்பிரசவத்துக்கு வந்தா, எந்த வாசல்லங்க வந்து நிப்பா?"

அடுத்த வாரமே வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். கூடவே நானும். அக்காவுக்கு எல்லா இடத்திலும் 'சரி' என்று சொல்லித்தான் பழக்கம். குறை சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

எத்தனையோ பார்த்தோம். ஒன்றில் காரை நிறுத்த முடியாது. இன்னொன்றில் முன்கால்வாய் வாசலைவிட உயரம், மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். கடைசியாகப் பட்டணத்துக்கு வெளியே ஒரு தாமானில், புதுக் குடியிருப்பு ஒன்றில், வரிசை வீடுகளில் நடு வீடு ஒன்று. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது போனோம்.

வாசலிலேயே பெயின்ட் வாசம். சுவரெல்லாம் இளமஞ்சள், ஜன்னலுக்குப் புதுத் திரை, தரையில் பூப்போட்ட புது ரப்பர் விரிப்பு. பின்னால் குசினி! அம்மாடி, கல்யாணச் சமையலே செய்யலாம். பழைய சொந்தக்காரர் பின்பக்கத்துக் காலி இடத்தை முழுக்க இழுத்துக் கட்டியிருந்தார். வேலை இடத்தில் நாள் முழுக்க நெரிசலில் நின்று சமைக்கிறவளுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

இங்கேதான் நாங்கள் முட்டாளானது. மற்ற மாதமாக இருந்தால், விற்கப்போகிற வீட்டுக்கு எதற்குப் புதுப் பெயின்ட் என்று எனக்கே உறைத்திருக்கும். தீபாவளி நேரத்தில் எந்தத் தமிழன் வீட்டில் பெயின்ட் வாசம் அடிக்கவில்லை? அடிக்காவிட்டால்தான் நாம் சந்தேகப்படுவோம். புது விரிப்பும் அப்படித்தான். அதற்குமேல், அந்த வீட்டம்மா தட்டு நிறைய முறுக்கும் நெய்யுருண்டையும் கொண்டுவந்து, "சாப்பிடுங்கக்கா, நம்ம வீடு மாதிரி" என்று கையில் திணித்தாள். அவள் வீட்டுப் பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டே அவள் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதா? சுவரைத் தட்டிப் பார்ப்பதா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். முறுக்கு நன்றாக இருக்கிறது, எத்தனைக்கு எத்தனை மாவு என்று கேட்டுவிட்டு வந்தோம். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வக்கீல், பேங்க் என்று எல்லாம் முடிந்து சாவி கைக்கு வரச் சித்திரை ஆகிவிட்டது. அதிலும் இன்னொரு கூத்து. பால் காய்ச்சாமல் புது வீட்டில் புழங்கக் கூடாதாம். குழாயைத் திறக்கக் கூடாது, அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, தரையைக் கழுவக்கூடாது. நல்ல நாள் வைகாசியில்தான் அமைந்தது. அதுவரை வீட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு வெளியில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம். சாவி கிடைத்த அன்றே ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றியிருந்தால் எல்லாமே தெரிந்திருக்கும்.

பால் காய்ச்சுகிற அன்று வீடு நிறையச் சொந்தம். குசினியில் தென்கிழக்கு மூலையில் செங்கல் வைத்து, அதன்மேல் புதுப்பானை. பால் பொங்கியது. எல்லாரும் கை கூப்பிக் கும்பிட்டோம். பொங்கின பால் செங்கல் வழியாக இறங்கித் தரையில் ஓடியது. கிழக்கே போகும் என்று பார்த்தால், ஒரு வளைவு வளைந்து, கூடத்துக்கும் குசினிக்கும் நடுவில் விரிப்புக்கு அடியில் புகுந்துவிட்டது. அத்தானின் அக்கா நல்லம்மாள் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து விரிப்பைத் தூக்கினாள். கீழே ஈரம்தான் இருந்தது. அவ்வளவு பாலும் எங்கேயோ போய்விட்டது.

"ஐயோ, வீடே பால் குடிச்சிருச்சுடி! இந்த மாதிரி சகுனம் யாருக்கு அமையும்!" என்று நல்லம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரோ குலவைகூடப் போட்டார்கள்.

அக்கா மட்டும் குனிந்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். கூடத்தின் தரை முடிந்து குசினித் தரை தொடங்குகிற இடத்தில் சுவருக்குச் சுவர் ஒரு கோடு. சிமெந்து வைத்துப் பூசி, அதுவும் மறுபடி விரிசல் விட்டிருந்தது. அந்தப் பிளவுக்குள் அவள் விரல் போனது. முதல் கணு வரைக்கும் போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குப் பந்தி போட எழுந்து போனாள்.

கொன்ட்ராக்டர் சோமு வந்து பார்த்துவிட்டு வெளிப்படையாகவே சொன்னார். "இந்தப் பக்கத்து மண்ணே இப்படித்தான் லா, பஞ்சு மாதிரி. வீடு கட்டுனவன் ஆழமா பைலிங் தூண் இறக்கி அதுமேல கட்டியிருக்கான், அது நிக்குது. பின்னாடி இழுத்துக் கட்டுனவரு ஒரு தூணும் இறக்கல. வெறும் மண்ணுமேல தரையப் போட்டு, கம்பிய வீட்டுச் சுவரோட சேத்துக் கட்டிட்டாரு. இப்ப குசினி இறங்குது. இறங்குறது தனியாவா இறங்குது? வீட்டையும் புடிச்சு இழுக்குது."

"அப்ப என்னாதான் செய்யுறது?" என்று அத்தான் கேட்டார்.

"ரெண்டு வழி. எல்லாத்தையும் உடைச்சு, தூண் இறக்கிப் புதுசாக் கட்டணும். இல்லாட்டி குசினிய வீட்டுலேருந்து அறுத்து விட்டுடணும். பூசி மறைக்கிற வேலைக்கு மட்டும் என்னக் கூப்பிடாதீங்க."

விற்றவர்களுக்குப் போன் போட்டோம். "நாங்க இருந்தப்ப நல்லாத்தாங்க இருந்துச்சு" என்று வைத்துவிட்டார்கள். வக்கீல், இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்வதாகத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இப்படியே ஆவணி பிறந்தபோதுதான் தனா வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று செய்தி வந்தது. அக்கா சந்தோசத்தில் அழுதாள். அடுத்த வாரம் தனா வந்தாள். கூடத்துச் சுவரிலும் கோணலாக ஒரு வெடிப்பு ஓட ஆரம்பித்திருந்தது. குசினிக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. தனா அதையெல்லாம் பார்த்தாள்.

"மா, சாரி மா. இந்த வீட்டுக்கு நான் பேபியத் தூக்கிட்டு வர மாட்டேன். சேஃபே இல்ல. வித்துட்டு எங்க பக்கமே வந்துடுங்க, எங்க ரோட்டுலயே ஒரு வீடு சேலுக்கு வருது."

அக்கா தலையாட்டினாள். அவள் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

அத்தான் உடனே வேலையில் இறங்கிவிட்டார். வேறு ஓர் ஆளை வைத்துப் பிளவை அடைத்து, வெடிப்பைப் பூசி, தீபாவளிக்கு முன்னால் வீடு முழுக்கப் பச்சைப் பெயின்ட். புது விரிப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் நானும் அவர் பக்கம்தான் நின்றேன். எதற்கு நிற்கக் கூடாது? நமக்கு அப்படித்தானே தள்ளிவிட்டார்கள்? இந்த வீடு போனால்தான் அந்த வீடு. அந்த வீடு கிடைத்தால்தான் பேரப்பிள்ளை அக்கா கையில். "யக்கா, வாய மூடிக்கிட்டு இருந்தாலே போதும். நீ பொய் சொல்ல வேணாம்" என்று நானேதான் அவளிடம் சொன்னேன். அவள் அதற்கும் தலையாட்டினாள்.

பார்க்க வந்தவள் ரூபினி. ராசா என்கிற ஊரில் பாலர் பள்ளி ஆசிரியை, கோலா சிலாங்கூருக்கு மாற்றலாகி வருகிறாள். கல்யாணம் ஆகவில்லை. தன் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கித் தரவேண்டும் என்று இரண்டு வருசமாகத் தேடுகிறாளாம். அம்மாவையும் கூட்டி வந்திருந்தாள். அக்கா முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். ரூபினி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"செம்ம டேஸ்ட் ஆண்ட்டி! மா, குசினி எவ்ளோ பெருசு பாரேன்! ஒங்களுக்குப் புடிச்சிருக்கா?"

"எனக்கென்னம்மா, நீ சரின்னா சரி" என்றாள் அந்த அம்மா. சுவரில் கைகூட வைக்கவில்லை. எப்படி வைப்பாள், கையில் முறுக்கு இருந்ததே.

அத்தான் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். காற்றோட்டம் நல்லா இருக்கும், பக்கத்தில் பாசார் சந்தை இருக்கிறது, கோயில் இருக்கிறது என்று. நான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். விரிப்பின் ஓரத்தைப் பிடித்து உரித்துக்கொண்டிருந்தாள்.

"துளசி! என்னா பண்ணுற?" என்றார் அத்தான்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "இங்க வாம்மா. இங்க உக்காரு. கைய வெச்சுப் பாரு" என்று ரூபினியின் கையைப் பிடித்து அந்தப் பூச்சின்மேல் வைத்தாள். "இது போன மாசம் பூசுனது. இதுக்குக் கீழ வெரல் போற அளவு பொளவு இருக்கு. இந்தக் குசினி இறங்குதும்மா. வீட்டையும் சேத்து இழுக்குது. இந்த ஊர்ல எந்த வீடு வாங்கினாலும் பின்னாடி கட்டுனதுக்குத் தூண் இறக்கியிருக்கான்னு கேளு. மழை நாள்ல வந்து பாரு. அக்கம்பக்கத்துல விசாரி. சாப்பிடக் குடுத்தாங்கன்னு சும்மா இருந்துடாத."

ரூபினி எழுந்து நின்றாள். தன் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க தாயி" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், அத்தான் வெடித்தார். இத்தனை வருசத்தில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? யாருடி அவ, உன் மகளா? தனா இங்க வரமாட்டேன்னு சொல்லிட்டா, தெரியுமில்ல? அந்த வீடும் போச்சு, இந்த வீடும் போச்சு! நம்ம வாங்கறப்ப நமக்கு எவனாச்சும் சொன்னானா? ஒருத்தனாச்சும் சொன்னானா?"

"சொல்லலீங்க" என்றாள் அக்கா. "அதனாலதான் சொன்னேன்."

அத்தான் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே போனார். லோரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நானும் கோபத்தில் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டேதான் போனேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு உட்கார்ந்து அழுதேன். பெருமையிலா, ஆத்திரத்திலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புக்கிட் செந்தோசா வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. தனா ஒரு மாதம் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. அத்தானும் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தார். ஆனால் சோமுவுக்குப் போன் போட்டது அவர்தான். அக்கா சொல்லிப் போடவில்லை, அவராகவேதான் போட்டார்.

கார்த்திகையில் மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு வாரத்தில் வேலை நடந்தது. முதலில் சோமு வீட்டையும் குசினியையும் சேர்த்துப் பிடித்திருந்த கம்பிகளை மிசினால் அறுத்தார். கான்கிரீட் கூரையை எடுத்துவிட்டு எடை குறைந்த தகரக் கூரை போட்டு, அதையும் வீட்டுச் சுவரில் ஏற்றாமல் தனிக் கால்களில் நிறுத்தினார். நடுவில் இருக்கிற இடைவெளியில் மழை இறங்காமல் ஒரு தகட்டை மட்டும் மடித்து வைத்தார். ஓடு பதித்த தரையை உடைத்தெறிந்துவிட்டு மணல் பரப்பி அடுக்குக் கல் போட்டார். எங்கே இறங்கினாலும் அந்த இடத்துக் கல்லை மட்டும் தூக்கி, மணல் போட்டு மறுபடி வைத்துவிடலாம். கல்யாணச் சமையல் குசினி பாதியாகிவிட்டது. அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அத்தான் லோரியை வீட்டில் நிறுத்திவிட்டு சோமுவோடு சேர்ந்து கல் சுமந்தார். "இந்த வயசுல எனக்கு இது தேவையா?" என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒருதரம் கேட்டார். அக்கா அவருக்குச் சுடச்சுட மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

தை, மாசி முழுக்கக் கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டுவைக்கச் சொல்லியிருந்தார் சோமு. கோடு விலகவே இல்லை. அதை அக்கா போனில் தனாவுக்குச் சொன்னாளா என்றால் சொல்லவில்லை. வா என்று கூப்பிடவுமில்லை. நான்தான் பொறுக்கமாட்டாமல் போட்டோ எடுத்து அனுப்பினேன். கூடவே ரூபினி வந்துபோன கதையையும் அப்படியே சொன்னேன். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுக்கொண்டதால் வாங்க வந்தவர்கள் ஓடிவிட்டார்கள் என்றுதான் அதுவரை தனா நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

வளைகாப்பு அவள் மாமியார் வீட்டில் நடந்தது. கை நிறைய வளையல் அடுக்கி, பூ வைத்து, எல்லாம் முடிந்தது. அக்கா விடைபெற எழுந்தாள். தனா உள்ளே போய் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கெளம்பலாமா மா?"

"எங்கடி?"

"எங்கன்னா? தலைப்பிரசவம் எங்க பாப்பாங்க?"

காரில் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். கண் மறைத்ததில் வழி தவறி வேறு சாலையில் போய்த் திரும்பி வந்தேன். அத்தான், "மாலா, ரோட்டப் பாத்து ஓட்டுமா" என்றார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா கதவைத் திறந்து, ஆரத்தி கரைக்க உள்ளே ஓடினாள். தனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. திறந்திருந்த கதவு வழியே கூடத்தையும், அதற்குப் பின்னால் தகரக் கூரை போட்ட குசினியையும் எட்டிப் பார்த்தாள்.

"இப்பவும் இறங்குதா மா?"

அக்கா கையில் ஆரத்தித் தட்டோடு வந்து நின்றாள்.

"குசினி இறங்கும்மா. வீடு இறங்காது. நீ உள்ள வா."